ஈர வேட்டிக்கு அடியில் முகம்

முகம் மேலாக இருக்கட்டுமா, கீழாக இருக்கட்டுமா என்று யோசித்து நின்றதிலேயே கூழில் ஏடு படிந்துவிட்டது. விடிந்தும் விடியாமலும் எழுந்து கிண்டிய கூழ். பச்சரிசி மாவு, ஜவ்வரிசி, பச்சை மிளகாய், பெருங்காயம் எல்லாம் சேர்ந்து, மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிறது. இந்த மே மாத வெயிலை விட்டால் வத்தலுக்கு வேறு வெயில் கிடையாது. இந்தத் தட்டட்டியில், மொட்டைமாடியில், விரிக்கிற தார்ப்பாயைக் கோயில் அசன விருந்துக்கு வாங்கிப் போனவர்கள் வாங்கினதையே மறந்துவிட்டார்கள். ஐயரம்மா வாய் திறந்து கேட்கமாட்டாள் என்கிற தைரியம். தண்ணீர்த்தொட்டி வேலைக்கு வந்தவர்களோ சிமெண்டுத் தூளைத் தளம் பூராவும் இறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெறும் வேட்டியை அதன்மேல் விரித்தால் தின்கிறவன் பல்லில் மண் கடிக்கும். ஆகவே கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த, கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்கு அவர் படம் போட்டு அடித்த ஃப்ளெக்ஸை எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய? என்னவாவது செய்திருக்கலாம். பழைய பாய் ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டில் கேட்டால் ஒரு விரிப்புத் தந்திருப்பார்கள். ஆனால் கை நேராகக் கட்டிலுக்கு அடியில்தான் போயிற்று. அதை ஏன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது, தெரிந்தாலும் இப்போது சொல்கிற மாதிரி இல்லை. முகத்தைக் கீழே கவிழ்த்தால் மனுஷன் குப்புறக் கிடக்கிற மாதிரி இருந்தது, மூச்சு முட்டுமே என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். மேலாகவே விரித்தேன். அதன்மேல் அவருடைய பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர், ஜெபசிங் ஐயர். எங்கள் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்போம். அதனால் நான் ஐயரம்மா, சம்பளமில்லாத உத்தியோகம். கீழே குருமனையில், சபை தந்த வீட்டின் முன்னறையில், அவர் தலைவாரிக்கொண்டிருப்பார். ஆசீர் அண்ணாச்சி வெயில் ஏறுமுன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த ஃப்ளெக்ஸை எடுத்துப்போக வருகிறார். கூடவே எங்கள் பதிலையும் எடுத்துப்போக வருகிறார். பதில் என்னிடம் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், நானோ இங்கே வத்தல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஓரத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. ஒரு சின்னக் கரண்டி, ஒரு சுழி, அடுத்தது. சூடான கூழ் ஈரத் துணியில் விழும்போது மெல்ல ஒரு சத்தம் வருமே, அது கேட்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறேன். வலது பக்கம் சாய்த்தால் கேட்கிறது. இடது பக்கம் சாய்த்தால் இல்லை. சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். மேக வரிசையை முடித்தாயிற்று. ஃப்ளெக்ஸில் அவருக்குப் பின்னால் மேகமும் புறாவும் போட்டிருக்கிறார்கள், ஓரத்தில் ஒரு சிலுவை, சட்டைப் பொத்தான் அளவுக்கு. 'தேவ மனிதர் வருகிறார்' என்று கொட்டை எழுத்து. எங்கிருந்து வருகிறார்? இரண்டு தெரு தள்ளி இந்தக் குருமனையிலிருந்து, குடையைப் பிடித்துக்கொண்டு. இப்போது எழுத்து தெரியவில்லை, கூழ் மூடிவிட்டது. ஆனால் முகம் தெரிகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஈர வேட்டி ஒட்டின இடமெல்லாம் துணி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், கண்ணும் மூக்கும் சிரித்த வாயும் தூக்கின வலது கையும் மெல்ல மேலே எழும்பி வருகின்றன. வெள்ளைத் துணி, அதன் கீழே முகம். எத்தனை சாவு வீட்டில் இப்படிப் பார்த்திருக்கிறேன், இவர் பக்கத்தில் நின்று ஜெபம் சொல்ல, நான் அந்த வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு. ஆண்டவரே, வேண்டாம். கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு மாடிப்படிப் பக்கம் ஓடிப்போய்க் காது கொடுத்தேன். கீழே இருமினார். அந்த இருமலைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை எந்தக் கீர்த்தனையைக் கேட்டும் நான் பட்டதில்லை. திரும்பி வந்து துணியை ஒரு மூலையில் தூக்கி நீவிவிட்டேன். முகம் போகவில்லை. நல்ல முகம்தான். முன்னால் நரைத்த முடியைக் கறுப்பாக்கிவிட்டார்கள், தாடைத் தொங்கலை இழுத்துக் கட்டிவிட்டார்கள், இடது கன்னத்து மருவை அடியோடு எடுத்துவிட்டார்கள். அந்த மரு! பெண் பார்க்க வந்தவர் தலையைக் குனிந்தே காப்பி குடித்தார். நானும் குனிந்தே நின்றேன். இரண்டு பேரும் குனிந்து கிடந்ததில் எனக்குக் கண்ணில் பட்டது மிளகு அளவுக்கு அந்த ஒரு மருதான். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டபோது அதை நினைத்துக்கொண்டுதான் தலையாட்டினேன். "மருவ எங்கங்க?" என்று ஃப்ளெக்ஸ் கட்டின அன்றைக்கே கேட்டேன். "எனக்கென்ன தெரியும் எமி, ஒரு போட்டோ கேட்டாங்க, குடுத்தேன். இது வந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேதத்தில், ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்து கொடுத்துவிட்டு ஆரோன் சொன்ன பதிலும் இதேதான். பொன்னைக் கேட்டேன், தந்தார்கள், அடுப்பில் போட்டேன், கன்றுக்குட்டி வந்தது என்று. அந்த இடத்தை இவர் எத்தனை தரம் பிரசங்கம் பண்ணியிருப்பார், ஆரோன் மாதிரி தோளைக் குலுக்கிக் காட்டி எத்தனை சபையைச் சிரிக்க வைத்திருப்பார். தன்னையே அந்த வசனத்தில் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் சொல்லிக் காட்டவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். இதுதான் காலையிலிருந்து திரும்பித் திரும்பி இடறுகிற இடம். கன்வென்ஷன் கடைசி நாள் சாயங்காலம், ஆசீர் அண்ணாச்சியின் காரில் மைதானத்துக்குப் போனோம். ஊரில் பெரிய இரும்புக்கடை அவருடையது, கோயிலில் முதல் பெஞ்சும் அவருடையது. நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது. இந்தச் செலவெல்லாம் அவர் பாசத்தில் செய்தது. வாசலில் இரண்டு கம்புக்கு நடுவே இந்த ஃப்ளெக்ஸ். அதன் முன்னால் ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, காய்ச்சலில் தலை தொங்கிக் கிடந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குழந்தையின் நெற்றியைக் கொண்டுபோய்ப் படத்தில் தூக்கியிருந்த அந்தக் கையில் வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். கார் கண்ணாடியை இறக்கினார், இறங்கப்போகிறார் என்று நானும் சேலையை இழுத்துச் சரிசெய்தேன். இறங்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான், அவள் விலகி நின்று காரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் கையைத் தூக்கினார், படத்தில் இருக்கிற அதே மாதிரி. கண்ணாடி ஏறிவிட்டது. பிறகு மேடையில் போய் நின்று விக்கிரகத்தைப் பற்றித்தான் பேசினார். கல்லும் மண்ணும் மட்டுமா விக்கிரகம்? செல்போன் விக்கிரகம், பிள்ளையின் மார்க்கு விக்கிரகம், கழுத்துச் சங்கிலி விக்கிரகம், சினிமாக்காரன் விக்கிரகம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரிசையாகத் தலை குனிந்தது, காற்றில் நாற்று சாய்கிற மாதிரி. வாசலில் கட்டியிருந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் உதடு அசைவதை வைத்துத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். கேட்டதில் பாதிகூட எனக்குத் தேறவில்லை.

காது. சரி, நினைத்துத்தான் ஆகவேண்டும் போல. போன வருஷம் கோடைமழை நாட்களில் அடைத்த மாதிரி இருந்தது, எண்ணெய் காய்ச்சி ஊற்றினேன், உப்பு ஒத்தடம் கொடுத்தேன், போய்விடும் என்று இருந்தேன். போனது காதுதான். வலது காது பரவாயில்லை. ஆனால் கோயிலில் ஐயரம்மாவின் இடம் பீடத்துக்கு வலப்புறம், இடது காதைத்தான் அவருக்குக் கொடுத்து உட்காரவேண்டும். இடம் மாற முடியுமா? மாறினால் ஊர் பேசும். ஒரு வருஷமாக நான் பிரசங்கம் கேட்கவில்லை, பார்க்கிறேன். கண், புருவம், கை, வாய். கேட்கும்போது தெரியாத அழகெல்லாம் பார்க்கும்போது தெரிந்தது, அதையும் சொல்லவேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனுஷனைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம்தான். ஆனால் கோயில் விட்டு வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்பாரே, "எப்படி இருந்துச்சு?" கல்யாணமான முதல் ஞாயிறிலிருந்து கேட்கிற கேள்வி. முன்பெல்லாம் நான் விட்டுவைக்கமாட்டேன். "முடிக்கவேண்டிய இடத்துல முடிக்காம மூணு தரம் விமானம் இறக்கப் பாத்தீங்க" என்பேன். "ஆரோனை அவ்வளவு திட்டியிருக்கவேண்டாம், பாவம், கூட்டம் நெருக்குனா மனுஷன் என்னதான் செய்வான்" என்பேன். அவர் முகம் சுருங்கும், இரண்டு தெரு வாயே திறக்கமாட்டார், அடுத்த ஞாயிறு திருத்திக்கொள்வார். இந்த ஒரு வருஷமாக, "நல்லா இருந்துச்சு." அவ்வளவுதான். கேட்காத பிரசங்கத்துக்கு வேறு என்ன சொல்வது? முதலில் ஆச்சரியப்பட்டார், பிறகு பழகிவிட்டார், பிறகு நடையே மாறிவிட்டது. ஊரே பாராட்டினாலும் எமி ஒரு வார்த்தை சொன்னால்தான் நம்புவார், அந்த எமியே நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு என்றால்? ஃப்ளெக்ஸை ஆசீர் அண்ணாச்சி அடித்தார் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். மை என் வாயிலிருந்து போனது. இன்னொன்றும் உண்டு, அது இதைவிட மோசம். கன்வென்ஷன் முடிந்து இதை வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். அடுத்த வாரம் அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் வீடு வெறிச்சென்று இருந்தது. தூசி தட்டலாம் என்று விரித்தவள், அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டேன். காது கேட்கவில்லைங்க என்றேன். அழுதேன்கூட. அந்த முகம் சிரித்துக்கொண்டே கேட்டது. இடையில் குறுக்கிடவில்லை, "ஜெபிப்போம் எமி" என்று பேச்சை முடிக்கவில்லை, பாதியில் குறட்டை விடவில்லை. மறுநாளும் விரித்தேன். அவர் ஊருக்குத் திரும்பின பிறகும், அவர் சபையார் வீடு சந்திக்கப் போகிற மத்தியானங்களில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு விரித்தேன். குருமனையில், பாதிரியார் பெண்சாதி. விக்கிரகத்தைப் பற்றி வேதத்தில் தெளிவாகவே இருக்கிறது, சிறுபிள்ளையில் ஓய்வுநாள் பள்ளியில் படித்தது. அதற்கு வாய் உண்டு, பேசாது. கண் உண்டு, பார்க்காது. காது உண்டு, கேட்காது. அத்தோடு விடவில்லை. அதைப் பண்ணுகிறவர்களும் நம்புகிறவர்களும் அதைப்போலவே ஆகிவிடுவார்கள். இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். காது முதலில் போனதா, படம் முதலில் வந்ததா? காதுதான் முதலில். நன்றாக ஞாபகம் இருக்கிறது, போன வருஷக் கோடைமழை. இருந்தாலும் கை காதை விட்டு வரமாட்டேன் என்கிறது.

வெயில் பிடரியில் ஏறுகிறது. கூழ் இறுகினால் கரண்டியில் ஒட்டும், சீக்கிரம் ஊற்று எமிமாள். ஆசீர் அண்ணாச்சி என்ன கேட்கிறார்? செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார், அதில் ஒரு ஜெப மையம், வாசலுக்கு மேல் இவர் பெயர், இவர் படம். வாரம் ஒருநாள் டிவியில் இவர் பேச்சு. சபை வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடவேண்டும். அவ்வளவுதான். இன்று சாயங்காலம் நிலத்தில் இந்த ஃப்ளெக்ஸையே முதலில் கட்டி, ஜெபம் பண்ணி, ஆரம்பித்துவிடலாம் என்கிறார். நான் என்னமோ மாசற்றவள் மாதிரி யோசிக்கிறேனே, எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பானை சட்டியைக் கட்டி அடுத்த குருமனைக்குக் கிளம்புகிற பிழைப்பு சலித்துவிட்டது. யாரோ அடித்த சுவரில் யாரோ அறைந்த ஆணி. ரிட்டயர் ஆனால் வாடகை வீடு. அந்தக் கன்வென்ஷனில் பெண்கள் வந்து என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்களே, பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இவர்? இவர் இப்போது கண்ணாடி முன்னால் நிற்கிறார். ஃப்ளெக்ஸில் இருக்கிற வகிடு இவருக்குக் கிடையாது, கம்ப்யூட்டரில் போட்ட வகிடு, அதைப் பார்த்து இவர் தலையில் வகிடு எடுக்கிறார். போன வாரம் ரசம் வேண்டும் என்பதற்கு வலது கையைத் தூக்கினார், அதே மாதிரி, விரல்கள் கொஞ்சம் விரித்து. அவருக்கே தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நேற்றுச் சாப்பாட்டின்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ சொல்லு எமி, நீ சொல்லுததுதான். இத்தன வருசமா உன் காதுதான் எனக்குத் தராசு" என்றார். அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் அதையும் கேட்டிருக்கமாட்டேன். நேர் எதிரே இருந்ததால் கேட்டுவிட்டது. மோரை ஊற்றுவதற்கு எழுந்துபோய்விட்டேன். போங்க என்றால், கேட்காத காதை வைத்து ஒரு மனுஷனை அனுப்பிவிட்டேன் என்றாகும். போகாதீங்க என்றால் ஏன் என்பார், ஏன் என்றால் காதைச் சொல்லவேண்டும். காதைச் சொன்னால் ஒரு வருஷத்து நல்லா இருந்துச்சு அத்தனையும் உதிர்ந்துபோகும். அவர் தாங்குவாரா? என்னைப் பார்த்து அவர் முகம் ஒரு தரம் கோணினாலும் நான் தாங்குவேனா? ஊற்று, ஊற்று.

ஓரமெல்லாம் நிரம்பிவிட்டது. நடு இடம் பாக்கி. கை எட்டவில்லை, உள்ளே கால் வைத்துப் போய்த்தான் ஊற்றவேண்டும். காலைக் கழுவிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். தூக்கினேன். தூக்கின கால் அந்தரத்தில் நிற்கிறது. கீழே நேராக நெற்றி. கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்றால் வாய். இன்னும் தள்ளினால் அந்தக் கை. என்ன பைத்தியம் இது, பிளாஸ்டிக், அதன்மேல் வேட்டி, கீழே சிமெண்டு. மனுஷன் கீழே இருமிக்கொண்டிருக்கிறார். வை காலை. வரவில்லை. காலைப் பின்னால் எடுத்து ஊன்றிக்கொண்டபோதுதான் எங்கள் அப்பா வீட்டு வாசற்படி ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் படி மற்றப் படிகள் மாதிரி சதுரமாக இருக்காது, தலைப்பக்கம் உருண்டிருக்கும். நாங்கள் குழந்தைகள் அதை மிதிக்காமல் தாண்டித்தான் குதிப்போம், வீட்டில் எல்லோரும் தாண்டுவார்கள், விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். பெரியவளான பிறகுதான் அப்பா சொன்னார், எங்கள் வம்சத்தில் வேதத்துக்கு மாறின முதல் ஆள் தன் பழைய சாமியின் பீடத்துக் கல்லைப் பெயர்த்து வாசலில் படியாகப் போட்டாராம், நித்தமும் மிதிக்கட்டும் என்று. போட்டவர் மிதித்தாரோ என்னவோ, அவர் பெண்டாட்டி தாண்டினாள். அவள் தாண்டினதைப் பார்த்துப் பிள்ளைகள் தாண்டினார்கள், நாங்கள் வரைக்கும் தாண்டினோம். கும்பிடுவதை விட்டுவிட்டோம், கால்தான் விடவில்லை. அவளை நினைத்தால் எனக்கு எப்போதும் பிரியமாகத்தான் இருக்கும், மரியாதையை ஒரே நாளில் கழற்றிப் போட அவளுக்கு மனசு வரவில்லை, அதிலென்ன தப்பு என்று. ஆனால் அது அவள் அப்பன் பாட்டன் கும்பிட்டது. இது? போன மாதம் பிரஸ்ஸில் அடித்தது. இதற்கா என் கால் பயப்படுகிறது? அப்படியானால் இது யார்? கீழே இருக்கிறவரின் படம் என்றால் மிதிக்க வருத்தமாக இருக்கலாம், பயம் எதற்கு? மறுபடி தூக்கினேன். மறுபடி இறக்கினேன். கரண்டியிலிருந்து கூழ் என் புறங்காலில் சொட்டி, சுட்டது.

அப்போதுதான் காக்கை. கைப்பிடிச் சுவரில் எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை, இடப்பக்கமாக வந்திருக்கும். ஒரே தாவில் நடுவில் இறங்கி, அவர் மூக்குமேல் நின்றுகொண்டு, பக்கத்து வரிசை வத்தலைக் கொத்தியது. நான் கரண்டியை ஆட்டினேன். அது என்னை மதிக்கவில்லை.

"சூ! போ அங்கிட்டு!"

மாடிப்படியிலிருந்து அவர். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வத்தல் வரிசைகளுக்கு இடையில் நொண்டி விளையாடுகிற மாதிரி கால் வைத்து, நேராக நடுவில் போய் நின்றார். தன் மூக்கில் ஒரு கால், கன்னத்தில் ஒரு கால். வலது கையைத் தூக்கிக் காக்கையை விரட்டினார். எண்ணெய் வழிந்து படிய வாரின புது வகிடு. காக்கை போய்விட்டது. கை இறங்கவில்லை, கீழே பார்த்துவிட்டார்.

வேட்டி வழியாக அந்த முகம் அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி கார் கோயில் திருப்பத்துல வந்துட்டு, உன்னக் கூப்பிட வந்தேன்" என்றார் மெதுவாக. பிறகு, "ஏம் எமி, சுத்திச் சுத்திப் போட்டிருக்க, நடுவுல மட்டும் ஏன் விட்ட?"

"கால் வரல."

"கால் வரலன்னா?"

"மிதிக்க வரலங்க. ரெண்டு தடவ தூக்கிப் பாத்தேன்."

அவர் தூக்கின கையை இறக்கினார். என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், கோபப்படுவார் என்றும் நினைத்தேன். நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்தார். "அந்தக் கரண்டியத் தா" என்றார். பானையையும் நகர்த்திக் கொடுத்தேன். வலது கண்ணில் ஒன்று ஊற்றினார், இடது கண்ணில் ஒன்று. வட்டமாகவா வந்தது? கண்றாவி, தோசைக்குத் தோசையாக. வாயில் மூன்று. தூக்கின கையில் விரலுக்கொன்று. பிறகு கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து, இடது கன்னத்தில் இடம் பார்த்து வைத்தார்.

"இங்கன ஒண்ணு இருக்கணும்லா" என்றார்.

இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடம் சொல்ல? குந்தி உட்கார்ந்து, வேட்டி நுனி கூழில் பட, நெற்றியில் வேர்வை ஓட, கெட்டுப்போன வகிடோடு. அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அந்தப் பிள்ளைக்குக் காய்ச்ச விட்டுச்சான்னுகூட நான் கேக்கல, எமி. அது யாரு பிள்ளைன்னுகூட எனக்குத் தெரியாது."

கீழே கார் ஹாரன். "ஐயரே! ஐயரம்மா!" ஆசீர் அண்ணாச்சியின் குரல், இரும்புக்கடைக் குரல், அதற்கு எந்தக் காதும் போதும். அவர் எழுந்து என் இடப்பக்கமாக வந்து நின்று ஏதோ கேட்டார். உதட்டைப் பார்க்கவில்லை நான், கன்னத்துச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டார். தோளைத் தொட்டார். திரும்பினேன்.

"எனக்கு இந்தக் காது கேக்கலங்க" என்றேன். "ஒரு வருசமாச்சு."

கையில் கரண்டியோடு நின்றார்.

"ஒரு வருசமாவா? அப்போ கோயில்ல?"

"கோயில்லயும்தான்."

"பின்ன நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே?"

"உங்க மூஞ்சி நல்லா இருந்துச்சு."

அவர் முகம் ஒரு நிமிஷம் எந்தப் படத்திலும் வராத மாதிரி ஆயிற்று. வாய் கோணி, கண் சுருங்கி, சிரிப்பா அழுகையா என்று அதற்கே தெரியாமல். நான் பயந்தபடியேதான் ஆயிற்று. ஆனால் அவர் கை என் இடது காதின்மேல் வந்து, மூடினமாதிரி, அப்படியே இருந்தது. கூழ் ஒட்டின கை, மிளகாய்க் காரம் எரிந்தது. எடுங்க என்று சொல்லவில்லை.

மறுபடி ஹாரன். அவர் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். நான் திரும்பி வலது காதைக் கொடுத்தேன்.

"வாங்க அண்ணாச்சி! உள்ள வந்து உக்காருங்க!"

"ஃப்ளெக்ஸ எடுத்து வச்சாச்சா ஐயரே? பயலுவ கம்பு நட்டாச்சு!"

"அதுல வத்தல் போட்டாச்சு அண்ணாச்சி!"

"என்னது?"

"வத்தலு! கூழ் வத்தலு! காய நாளாவும், எடுக்க முடியாது! நானும் வரல. இருங்க, காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம். ஒரு வீடு தேடணும், கைப்பிள்ளக்காரி ஒருத்தி. உங்க காரத்தான் எடுக்கணும்!"

கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி பாவம், அவர் பாசமும் பாசம்தானே, சாப்பிடாமல் அனுப்பக்கூடாது. துணி ஓரத்திலிருந்து காய ஆரம்பித்துவிட்டது. காய்ந்த இடத்தில் வேட்டி வெறும் வேட்டியாக வெளுத்தது. மேகம் போயிற்று, தோள் போயிற்று, கறுத்த முடியும் போய்க்கொண்டிருந்தது, கோணல்மாணலாக அவர் ஊற்றின வத்தல் மட்டும் மேலே நின்றது. அவர் திரும்பி வந்தார். இடப்பக்கம் வந்தவர் நின்றார், யோசித்தார், என்னைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் சிமெண்டுத் தூளில் உட்கார்ந்தார். மெலிந்த கழுத்து, நரை, கிட்டத்தில் அந்த மரு.

"சொல்லு, எமி" என்றார்.

கேட்டது.